வேட்பாளர்

நாலாம் நாள் தண்ணீர் வடிந்தது.
கால்வாய் தன்னில் பாதியை
என் வீட்டிலேயே விட்டுப் போயிருந்தது.

முறத்தில் அள்ளிப் பார்த்தேன், ஒழுகியது.
துடைப்பம் சேற்றைத் தள்ளாது,
தடவிக்கொடுக்கும்.
போன தேர்தலின் தகரப் பலகை ஒன்று
வேட்பாளர் கும்பிட்டபடி மிதந்து வந்து
படியில் தட்டி நின்றிருந்தது.
கழுத்துக்குக் கீழே வாகான வளைவு.
அவரை வைத்துத்தான்
அடுப்பு மேடையிலிருந்து கட்டிலடி,
கட்டிலடியிலிருந்து வாசல் என்று தள்ளினேன்.
இடதுகால் செருப்பு வந்தது.
ரேஷன் அட்டை வந்தது.
யாருடையதோ ஒரு பல்செட்டு வந்தது.

வெளியே எங்கே கொட்டுவது?
வியாசர்பாடியில் மனிதர்களுக்கே
இரண்டு முழம் குறைகிறது.
என் இடப்பக்கம் கொட்டினேன்.
அது ரெஜினாமேரியின் வலப்பக்கம்.
ராவோடு ராவாகத் திரும்பி வந்தது,
கூடவே அவள் வீட்டுச் சேறும்.
"உன் சேத்துல எம் பேரா எழுதிக்கீது?"
"உன்னுதுல மீன் கவுச்சி அடிக்குது."
சொன்னது தப்பு. சொல்லும்போதே தெரிந்தது.
இரண்டு நாள் பேச்சில்லை.

அப்புறம் மாநகராட்சி ஜேசிபி வந்தது.
தெரு நடுவை வழித்து
இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு
ஹாரன் அடித்தபடி போய்விட்டது.
கழுவிவிட்டுப் புள்ளி வைத்திருந்த வாசலில்
முழங்கால் உயரத்துக்கு வரப்பு.
எனக்கும். அவளுக்கும்.
அதில் மட்டும் ஓரவஞ்சனை இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு
போனை நீட்டியபடி வந்தாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
"டைட்டஸு பேசுறான், பாரு."

வின்னிபெக்கில் இன்னும் விடியவில்லை.
தெருவிளக்கின் கீழே குல்லாவுக்குள் பாதி முகம்,
கையில் அகலமாக ஒரு மண்வெட்டி,
சுற்றிலும் கொட்டிக் கிடந்தது
மெஷினிலிருந்து வந்த மாவு போல.
"நாலு மணிலேர்ந்து தள்றேங்க்கா.
இப்பதான் வண்டி வந்து
ரோட்ல இருந்தது அத்தினியும்
நம்ம வாசல்லயே தள்ளிட்டுப் போறான்.
இடுப்பே போச்சு."
பேச்சோடு புகையும் வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவளுக்கும், கொஞ்சம் தாமதமாக.
"அள்ளி எங்கடா கொட்டுவே?"
"நம்ம எடத்துலயேதான்.
பக்கத்து வூட்டாண்ட தள்ளினா ஃபைன் போட்ருவான்."

ரெஜினாமேரி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
"சரி சரி, குல்லாவ காதுக்கு இழுத்து வுட்றா."

பிளீச்சிங் பவுடர் தூவி வந்தவர்
இரண்டு வீட்டுக்கும் சேர்த்து
ஒரே கை போட்டுவிட்டு நடந்தார்.
வெளுப்பு நிற்கவில்லை,
ஈரம் குடித்துவிட்டது.

இருட்டிய பிறகு வந்து மண்வெட்டி கேட்டாள்.
என்னிடம் ஏது மண்வெட்டி?
வேட்பாளரைக் கொடுத்தேன்,
கிழிக்காத விளிம்பு
அவள் கைக்கு வரும்படி திருப்பி.