பார்வையாளர் நோட்டு

கடலூர் சிப்காட், இரண்டாவது கேட்.
ஆறு வருஷமாக இங்கே நான் பார்வையாளர்.
பேர், வந்த நேரம், யாரைப் பார்க்க.
'சர்வரை' என்று எழுதுவேன்.
செக்யூரிட்டி அதற்குச் சிரிப்பதை விட்டு
ரொம்ப நாளாகிறது.

உள்ளே குளிரறையில்
நான் அட்மினிஸ்ட்ரேட்டர்.

புது சர்வர் பிறக்கும்போதே
யாரும் கேட்காமல் கூட்டத்தோடு பிறக்கிறது.
பிரிண்டரைப் பார்த்துக்கொள்ள ஆட்கள்.
பேக்கப் எடுக்க ஆட்கள்; அவர்கள்
திறந்து படிக்கக் கூடாத கோப்பையும்
அப்படியே அள்ளிப் போகலாம்,
உறை பிரிக்காத தபால்காரர் மாதிரி.
அப்புறம் கெஸ்ட்,
பிறவியிலேயே முடக்கிவைத்த கணக்கு.
அதைப் பார்த்தால் மட்டும்
கேட் நோட்டு ஞாபகம் வரும்.

இன்று ராத்திரி வந்த டிக்கெட்:
அஞ்சாபுலி, லேப். கணக்கை நீக்கவும்.
காரணம் கேட்ட கட்டத்தில் ஒரு கோடு.

'நிச்சயமா?' என்றது, ஒரே ஒரு தடவை.
நீக்கினேன்.

கழிவுநீர் அளவுகள் ஃபோல்டரில்
அனுமதிப் பட்டியலைத் திறந்தால்
அவர் பேர் இருந்த வரியில்
எஸ்-1-5-21 என்று தொடங்கி
நீண்டுகொண்டே போகும் எண்.
ஆளை எடுத்தாலும் எண் நிற்கும்.
தனியாகத் தேடித்தான் அழிக்கணும்.

அவருக்குக் கீழே யாருமில்லை.
எவ்ரிஒன்னை எப்போதோ யாரோ
எடுத்துவிட்டிருக்கிறார்கள்.
குடிகாட்டில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்
எவ்ரிஒன்னில் சேர்த்தியா என்று
எந்த மேனுவலிலும் இல்லை.

எண்ணை அழிக்காமல் மூடினேன்.

நாலே காலுக்குக் கேட்டில்
போகும் நேரம் எழுதும்போது
'சர்வரை' அடித்துவிட்டு
'அஞ்சாபுலியை' என்று திருத்தினேன்.
செக்யூரிட்டி நோட்டை மூடினார், படிக்காமல்.