சுண்டல்மேல் குற்றமில்லை

டான்டினோங்கில், நான் வேலை செய்யும் கடையில்
உறைகுளிர் அறைக் கதவு திறந்த கணமே
என் மூக்கும் திறந்துகொள்ளும்,
வாஷர் போன குழாய் மாதிரி.
நீர். வெறும் நீர்.
அரிப்பில்லை. கண்ணில் கலக்கமில்லை.
பட்டாணிப் பொதிகளை ஒரு கையால் அடுக்கி
மறுகையால் மூக்கைத் துடைப்பேன்.

தடிமனோ என்பார்கள்.
ஆறு வருடமாகவா ஒரே தடிமன்?

கேதீஸ்தான் தீர்ப்பெழுதினான்: பூனை.
இந்த வீட்டில் மயிர் உதிர்ப்பது அதுதானே என்றான்,
தன் தலையணையைத் திரும்பிப் பாராமல்.

சாம்பல் நிறம், பெயர் சுண்டல்.
ஒரு வெள்ளிக்கிழமை
அதன் கிண்ணம், மணல் தட்டு, பாதி தீர்ந்த மீன் பிஸ்கட் பை,
எல்லாவற்றோடும்
காசுப் பட்டறை லோர்னா வந்து கொண்டுபோனாள்.
அன்றிரவும் மூக்கு ஓடியது.
அழுததால் என்று அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிறகு கம்பளத்தைக் கிழித்தோம்.
மெத்தைக்கு உறை மாட்டினோம்.
வேலிக்கு அப்பாலிருந்த புல்லைத் திட்டினோம்.
ஜூன் வந்தது. புல்லெல்லாம் நனைந்து படுத்துக் கிடந்தது.
மூக்கோ நவம்பரில் ஓடிய அதே வேகத்தில்.
அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மருத்துவர் நிக்கோலா ஒரு கிழமை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.
முன்கையில் நீலப் பேனாவால் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எழுதி
ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சொட்டு,
சொட்டின்மேல் ஒரு குத்து.
இரண்டு, ரை புல். நான்கு, தூசிப்பூச்சி.
ஏழு, பூனை.
இருபது நிமிடம் கையை நீட்டியபடி
ஏழையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு தடித்தது. சிவந்தது, தினவெடுத்தது.
பார்த்தீர்களா என்று கத்தினேன்.
அது எல்லோருக்கும் தடிக்கும், என்றார்.
உன் தோல் விழித்திருக்கிறதா என்று பார்க்க வைத்தது.
ஏழு? தண்ணீர் பட்ட இடம்போல் கிடந்தது.

மேலண்ணம் அரிக்குமா?
இல்லை.
எப்போது தொடங்கியது?
நாற்பத்திரண்டில்.
வாசனைத் திரவியம்?
லிஃப்டில் ஒருவர் பூசி வந்தால் போதும்.
காரமாய், சூடாய்ச் சாப்பிட்டால்?
சிரித்துவிட்டேன்.
ரசம் குடித்து மூக்குறிஞ்சாத தமிழரை
நான் எங்கே போய்த் தேட?

எதிரி என்று எதையோ எண்ணி உடம்பு கூச்சலிடுவது ஒன்று.
குளிருக்கும் சூட்டுக்கும் நடுவில்
மூக்கின் நரம்பு தானாகத் திடுக்கிடுவது இன்னொன்று.
இரண்டும் ஒரே கைக்குட்டையில்தான் வந்து சேர்கின்றன.
உனக்கு இரண்டாவது, என்றார்.
வேறொரு மூக்குத் தெளிப்பான் எழுதினார்.
மேலே, ஒவ்வாமை இல்லை என்று ஒரு வரி.

எனக்கு ஒவ்வாதது எதுவுமில்லை என்று
ஒருவர் கையொப்பமிட்டுத் தந்தது
இதுதான் முதல் தடவை.
மாமியாருக்கு ஒரு பிரதி எடுத்தேன்.

திங்கட்கிழமை.
லோர்னா தும்மினாள்.
ஒற்றைத் தும்மல் தடங்கல், இரட்டை நல்லது என்பார்கள்;
அவள் ஏழு தும்மினாள். ஏழுக்கு என்ன பலன் என்று
எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.
கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.
உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்த்தாள்.
எப்போதிலிருந்து என்றேன்.
நாலு மாதமாய். ஞாயிறு முழுக்க வீட்டிலிருந்தால் படுமோசம்.
சுண்டல் என் முகத்தோடுதான் தூங்கும், தெரியுமா?

தெரியும்.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
ஆனால் தீர்ப்பெழுத நான் கேதீஸா?
ரசீதின் முதுகில் நிக்கோலாவின் எண்ணை எழுதினேன்.
முதலில் கையை நீட்டிப் பார், என்றேன்.

பிறகு மூன்றாம் வரிசைக்குப் போய்
மீன் பிஸ்கட்டில் பெரிய பையாக ஒன்று எடுத்து வந்து
அவளிடமே காசு கட்டினேன்.