தேவையின் நோக்கம்

திங்கள் காலை டொக்டர் ரிஸ்மினா கேட்டது:
ஆறு வயது, பதினெட்டுக் கிலோ,
உடம்பில் நாற்பத்திரண்டு வீதம்.
மண்ணெண்ணெய்.
முதல் நாளில் எவ்வளவு சேலைன் ஏற்றலாம்?
பதினொரு நிமிடத்தில் ஏழு கட்டுரை கொடுத்தேன்.

புதன்: எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி.
வியாழன்: சிறுநீரகம்.
வெள்ளி பின்னேரம், தொலைபேசியில், குரல் இறங்கி,
சாவை நாலு வயதுத் தங்கைக்குச்
சொல்வது எப்படி என்று ஏதும் இருக்கா மிஸ்?
இருந்தது. இருபத்துமூன்று.
படிவத்தில் ‘தேவையின் நோக்கம்’ என்ற கட்டத்தில்
நோயாளர் பராமரிப்பு என்று நானே எழுதினேன்.

விடுதி மூன்றாம் மாடி.
நூலகம் கீழே, ஜெனரேற்றருக்குப் பக்கத்தில்.
யாருடைய அழுகையும் இங்கே இறங்கி வராது.
படங்கள் வரும்.
கண்களைக் கறுப்புப் பட்டியால் மறைத்து
மற்றதொன்றையும் மறைக்காத படங்கள்.
எந்த நாட்டுப் பிள்ளையோ, எந்த வருஷமோ.
கேட்டதுதானா என்று பார்க்க
ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும்.
அதற்குத்தான் சம்பளம்.

154 பஸ்ஸில், பொரளைச் சந்தி தாண்ட,
முன் சீட்டுப் பெடியன் திரும்பிக் கைகாட்டினான்.
ஒரு கை ஒன்பது வீதம்
என்று எனக்குள் ஓடியது.

வெள்ளவத்தையில் இறங்கிக் கொத்து வாங்கினேன்.
அடுப்பு மூட்டி மூன்று கிழமை.
இவர் ஒன்றும் கேட்கவில்லை, பார்சலைப் பிரித்தார்.

சுற்றறிக்கை வந்திருக்கிறது:
மனம் பாதிக்கப்பட்ட ஊழியர்க்கு ஆலோசனை,
வைத்தியர், தாதியர், சிற்றூழியர், பிணவறைப் பணியாளர்.
மூன்று மொழியிலும் அதே பட்டியல்.
நான்தான் லமினேற் செய்து
நூலகக் கதவில் ஒட்டினேன், கோணாமல்.

இதற்கும் ஒரு புத்தகம் உண்டு. 616.8521.
ஜன்னலோரம், நாலாம் தட்டு.
வாங்கிய நாள் தொட்டு யாரும் இரவல் எடுத்ததில்லை.
என் பெயரை எழுதித் திகதி முத்திரை குத்தினேன்.
முதல் அத்தியாயத்தில் ஒரு தாதி, ஒரு தீயணைப்பு வீரர்.
மூடி வைத்தேன்.

மறுபடி திங்கள். ரிஸ்மினா வாசலில் நின்றார்.
கேட்கக் கூடாததைக் கேட்டேன்:
அந்தத் தங்கச்சி என்ன சொன்னா?

மேசை விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.
“ராத்தாட செருப்பு இனி எனக்கா
எண்டு கேட்டா மிஸ்.
வேற ஒருத்தருக்கும் இத நான் சொல்லல்ல.”

ஜெனரேற்றர் ஒருமுறை இருமியது.
இதை எந்த எண்ணின் கீழும் வைக்க எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவர்,
மூன்று வயது, பதினொரு கிலோ
என்று தொடங்கினார்.
நான் தட்டினேன்.