மூச்சு விடும் பை

மாசி பிறந்தால் எங்கள் கல்லூரி மைதானத்தில்
நாற்பத்தொரு வாதுமை மரங்களும்
ஒரே வாரத்தில் சிவந்து
எல்லாவற்றையும் கீழே போட்டுவிடும்.
துடைப்பத்தால் முடியாது என்பதல்ல.
கூட்டிய குவியலைக் கூடைக்கு மாற்றுவதற்குள்
தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு காற்று வரும்,
தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போகும்.

என்னிடம் கொடுத்திருப்பது புல்வெட்டும் இயந்திரம்.
நாளைக்கு ஒன்றரை லிட்டர் பெட்ரோல்,
கையெழுத்துப் போட்டு.
பக்கவாட்டில் அதற்கு ஒரு வாய். புல்லைத் துப்பும்.
இலையையும் துப்பும் என்பதைத்
தற்செயலாகத்தான் பார்த்தேன்.
துப்புவதைப் பிடித்தால் போதுமே
என்று தோன்றிய இரவு, தூக்கம் போயிற்று.

முதலில் வெங்காய மூட்டை.
பெயின்ட் டப்பாவை அறுத்துத் தொண்டை செய்து
சைக்கிள் டியூப்பால் இறுக்கினேன்.
இலை நின்றது, புழுதி நிற்கவில்லை.
திருநீற்றில் புரண்டு எழுந்தவன் போல
விடுதிப் பிள்ளைகள் முன் நின்றேன்.

அடுத்தது சிமென்ட் சாக்கு.
அது எதையும் வெளியே விடவில்லை,
காற்றைக்கூட.
தொண்டையில் இலை அடைத்து
இஞ்சின் இருமி இருமி நின்றுபோனது.

பட்டறை தெய்வசிகாமணி
பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னான்:
"உள்ள போற காத்து வெளிய வரணும்ல?
மூச்சு விட வழி வைய்யி."

திருப்பாப்புலியூர் ரயில்வே கேட் ஓரம்
சட்டத்திலிருந்து நழுவி
ஒரு பிளெக்ஸ் பேனர் சாக்கடையில் கால் நனைத்துக் கிடந்தது.
முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.
யாரையும் கேட்காமல் சுருட்டிக்கொண்டேன்.
கேட்க வேண்டியவர் படத்தில் இருந்தார்.

அஞ்சலாட்சி மூன்று ஊசி உடைத்துத் தைத்தாள்.
நடைவண்டிச் சக்கரம் இரண்டை அடியில் கொடுத்தேன்,
நிறைந்தால் தரையில் இழுபடாமலிருக்க.
பிறகு ஊதுபத்தி கொளுத்தி, அதன் நுனியால்
வரிசை வரிசையாகப் பொத்தல்:
சட்டைப் பையில், காலரில்,
தோற்றம் மறைவு தேதிகளில்,
வருந்தும் குடும்பத்தார் பெயர்களில்.
முகத்தை மட்டும் விட்டுவிட்டேன்.
ஏன் என்று கேட்டால்
காற்றுக்கு அவ்வளவே போதும் என்பேன்.

ஓடியது.
சுற்றுக்கு ஒரு மூட்டை.
கவிழ்த்தால் இலையோடு
பாதி ஹால் டிக்கெட், ஒரு பூப்பந்து,
யாரோ தேடியிருக்கக்கூடிய ஒற்றைக் கம்மல்.

நாலாம் நாள்
காலையில் நடக்க வருபவர்களில் ஒரு அம்மாள்
பாதையை விட்டு இறங்கி என் முன் வந்து நின்றார்.
இஞ்சினை அணைத்தேன்.
பை நிறைந்திருந்தது. முகம்
கன்னம் இரண்டும் உப்பி, நெற்றி புடைத்து,
விருந்தில் எழ மறந்தவரைப் போல.

"இவர எங்க புடிச்ச?"

சொன்னேன்.

"போன ஐப்பசி மழையோட காணோம்.
காத்து அடிச்சிட்டுப் போயிருக்கும்னு இருந்தோம்."

கை நீட்டிக் கன்னத்தைத் தொட்டார்.
உள்ளே சருகு நொறுங்கியது.
"சர்க்கரை வந்து, கடைசியில
ரெண்டு பக்கமும் ஒட்டிப் போச்சு.
இப்படிப் பாத்து வருஷமாச்சு."

கழற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.
டியூப் முடிச்சில் விரல் வைத்தும்விட்டேன்.

"எதுக்கு? இருக்கட்டும், வேல பாக்கட்டும்.
பென்ஷன் வாங்குன நாள்லேருந்து வீட்டுல
ஒரு துரும்ப எடுத்துப் போட்டதில்ல மனுஷன்."

சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.
அதற்குள் திரும்பி நடந்துவிட்டார்,
வழக்கமான வேகத்தில்.

வாதுமை இன்னும் உதிர்கிறது.
பையை உதறினால் முகம் சுருங்குகிறது.
கயிற்றை இழுத்து, மூன்றாம் இழுப்பில் இஞ்சின் பிடித்து,
பத்தடி போவதற்குள் மெல்ல நிறைகிறது.
எங்களைக் கடக்கும் ஒவ்வொரு சுற்றிலும்
"எத்தன மூட்ட ஆச்சு?" என்கிறார் அந்த அம்மாள்.
என்னைப் பார்த்துக் கேட்பதில்லை.
நான்தான் பதில் சொல்கிறேன்.