ஏழாம் கட்டில்

மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலின் உட்பக்கமே உறைந்துபோன இரவில்
கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி
ஒரு சின்ன மார்பைப் பார்த்து நிற்கிறேன்.

முழு நிமிடம் எண்ண வேண்டும்.
அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது
துங்கலாக்கின் வழக்கம்.
பிள்ளைகள் வாய்ப்பாடு பார்த்து மூச்சு விடுவதில்லை என்று
ஒருமுறை சண்டையே போட்டிருக்கிறேன்.
அறுபத்தெட்டு.
ஒவ்வோர் இழுப்புக்கும்
விலாவுக்குக் கீழே ஒரு குழி விழுகிறது,
தூர்கிறது,
மறுபடி விழுகிறது.

எட்டு மாதக்காரன். பெயர் எனெபிஷ்.
எங்கள் மங்கோலியப் பேச்சில் 'இது அல்ல'.
முன்னால் ஒன்றைப் பறிகொடுத்தவர்கள் வைக்கும் பெயர்.
எடுத்துப்போக வருவது கட்டிலருகே குனிந்து கேட்டால்
ஏமாந்து திரும்பிப் போக வேண்டுமாம்.
ஆஸ்பத்திரிக் கணினிக்கு இந்தத் தந்திரமெல்லாம் தெரியாது.
எனெபிஷ், ஆண், ஏழாம் கட்டில், நிமோனியா என்று
அச்சடித்துக் கணுக்காலில் கட்டச் சொல்லிவிட்டது.
கட்டினேன்,
எழுத்து உள்பக்கம் இருக்கும்படி.

தலைப்பக்கத்தை உயர்த்தினேன்.
மூக்கில் உப்புநீர், இரண்டு சொட்டு.
உறிஞ்சுகுழாயைப் பத்து விநாடிக்குமேல் உள்ளே வைக்கக்கூடாது.
அந்தப் பத்து விநாடியும் என் மூச்சையும் அடக்கிக்கொள்வேன்.
எனக்கு முட்டினால்
அவனுக்கு எப்போதோ முட்டியிருக்கும்.
வந்த சளி சாம்பல் நிறம்.

மற்றொரு குழாயின் முனை தண்ணீர்ப் புட்டிக்குள்
ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில்.
அது குமிழ் விடும்வரை
நெஞ்சு முழுதாக மூடிக்கொள்ளாது.
குமிழ் நின்றால் கத்து என்று யஞ்மாவிடம் சொல்லியிருந்தேன்.
தாய்க்காரி அசையவில்லை.
அடுப்பில் பால் வைத்தவள்போல
புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
பொங்கிக்கொண்டே இருக்கட்டும் என்று.

தகப்பன் கதவுக்கு வெளியே.
சட்டையில் வாடை, உள்ளே விடக்கூடாது.
பாத்சூரி. நலைக்கிலிருந்து கரி லாரி ஓட்டுபவர்.
எனக்கு ஆளை அடையாளம் தெரிந்தது.
போன செவ்வாய்க்கிழமை எங்கள் வாசலில்
இரண்டு மூட்டை இறக்கிப்போனார்.
ஐநூறு துக்ரிக் குறைக்கச் சொல்லி
குளிரில் நின்று வாதாடியவள் நான்.

மூச்சு வாங்குகிறது என்கிறோம்.
யாரிடம் வாங்குகிறது,
என்ன விலைக்கு,
மீதிச் சில்லறையை யார் எடுத்துக்கொள்கிறார்கள்,
யாரும் கேட்பதில்லை.

"என் லாரியாலா, நர்ஸ்?"

சொல்லச் சில பதில்கள் இருந்தன.
ஆம் என்பது ஒன்று. நாம் என்பது ஒன்று.
மேல்சட்டையைக் கழற்றிவிட்டு
கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்றேன்.
மூன்று தரம் சோப்புப் போட்டார்.
நகக்கண்ணின் கறுப்பு நகவில்லை.
நான்காம் தரம் குழாயைத் திறந்தபோது
போதும், வாருங்கள் என்று அழைத்துப்போனேன்.
ஒரு விரலை நீட்டினார்.
பையன் பிடித்துக்கொண்டான்,
எந்தக் கணக்கும் பார்க்காமல்.

நாலு மணிக்கு ஐம்பத்தாறு.
ஐந்தரைக்கு ஐம்பத்தொன்று.
குழி இன்னும் விழுகிறது, அவ்வளவு ஆழமில்லை.
சந்தோஷத்தை எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

காலையில் பொறுப்பை ஒப்படைக்கும்போது
துங்கலாக் பேனாவைத் தட்டிக்கொண்டு
ஏழாம் கட்டில் யார் என்றாள்.
இது அல்ல, என்றேன்,
கொஞ்சம் உரக்கவே,
தாழ்வாரத்தில் யார் நின்றாலும் கேட்கட்டும் என்று.

சிங்கெல்டைச் சரிவில் ஏறி
வீடு சேர்ந்தபோது அடுப்பு அணைந்திருந்தது.
என் மகள் கோட்டோடு உறங்கிக்கொண்டிருந்தாள்.
சுவாசம் இருபத்திரண்டு. எண்ணாமல் இருக்க வரவில்லை.
மூட்டையின் வாய் திறந்தே கிடந்தது.
தீக்குச்சியை உரசி
கொஞ்ச நேரம் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தேன்.
விரல் சுட்டது.
அடுத்த குச்சியில் பற்றவைத்தேன்.
மைனஸ் முப்பத்தொன்று.

பிறகு வெளியே வந்து
எங்கள் புகைக்குழாயை
ஒரு முழு நிமிடம் பார்த்து நின்றேன்.