ஆறு மணிக்குள்

ஜெசிந்தா தினமும் விடிகாலையில்
மூன்று நன்றிகளை ஸ்டேட்டஸில் வைப்பாள்.
பின்னணியில் சூரியகாந்தி, எழுத்து ரோஸ் கலர்.
ஒன்று: தண்ணீர் லாரி வந்தது.
இரண்டு: ஊசி ஒரே குத்தில் ஏறியது.
மூன்று: இட்லி பஞ்சு.

எனக்குச் சிரிப்பு வரும்.
இட்லிக்குக்கூடவா இருநூறு சாட்சி?

நான் வேறு ரகம்.
வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டர்.
ஷிப்ட் முடிந்து கணக்கு ஒப்படைத்ததும்
பாழான கணக்குச் சீட்டு ஒன்றின் பின்பக்கம்
ஒரே ஒரு வரி எழுதுவேன்.
‘கூடுதலாய்த் தந்த பத்து ரூபாயைத்
திருப்பிக்கொண்டு வந்த காசிமேட்டு மீன்காரம்மா.
நோட்டில் வஞ்சிரம் வாசனை.’
நாலாய் மடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவேன்.
ஏழு வருஷமாக யாரும் பார்த்ததில்லை.
யாரும் பார்த்ததில்லை என்பதை
ஜெசிந்தாவிடம் மட்டும்
நாலைந்து தடவை சொல்லியிருக்கிறேன்.

‘வலது கை கொடுக்கிறது
இடது கைக்குத் தெரியக் கூடாதுடி’ என்றேன் ஒருநாள்,
கல்மண்டபம் மார்க்கெட்டில், முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே.
‘கொடுக்கிறதைத்தானே அப்படிச் சொன்னாங்க?
வாங்கினதை ஊருக்கே சொல்லணும்’ என்றாள்.
பதில் தோன்றவில்லை.
முருங்கைக்காய் முற்றல் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன்.

அப்புறம் அந்த நவம்பர்.
ராத்திரி முழுக்க மழை, கரண்ட் இல்லை,
தெருவில் யாருடையதோ செருப்பு ஒன்று
மிதந்து போய்க்கொண்டிருந்தது.
ஆறேகாலுக்கு போன். தெரியாத நம்பர்.
‘அம்மா, என் பேர் அன்வர்தீன்.
ஸ்டான்லியில டயாலிசிஸ், ஜெசிந்தாவுக்குப் பக்கத்து பெட்.
அவங்க இன்னும் போடலை.’

‘என்ன போடலை?’

‘நன்றி.
நாங்க பதினோரு பேரு. ஆறு மணிக்குள்ள போட்டுடணும்.
போடலைன்னா யாராவது கூப்பிடணும்.
அவங்க போன் போகலை.
நீங்க பக்கத்துத் தெருன்னு
உங்க நம்பர்தான் குடுத்து வச்சிருக்காங்க.’

முழங்கால் தண்ணீரில் நடந்தேன்.
நடந்தேன் என்பது பொய்.
புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு
தெரிந்த பள்ளம் தெரியாத பள்ளம் எல்லாவற்றிலும் விழுந்து எழுந்து
அவள் கதவைத் தட்டும்போது
என் வாயில் ‘சூரியகாந்தி, சூரியகாந்தி’ என்று
ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

கதவு திறக்க நேரமானது.
மெழுகுவர்த்தியோடு நின்றாள்.
‘சார்ஜ் இல்லைடி’ என்றாள்.

அவளைத் திட்டினேன். நன்றாகத் திட்டினேன்.
பிறகு என் போனில்
அன்வர்தீனுக்கு ஒரு வரி அனுப்பினேன்:
ஜெசிந்தா இருக்கிறாள்.
பதினோரு பேருக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்,
கைகூப்பல்கள் வந்தபடியே இருந்தன,
பெயர் தெரியாத நம்பர்களிலிருந்து.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன்.
அவள் பெயர் நாற்பத்து மூன்று சீட்டில் இருந்தது.
‘என் காய்ச்சலுக்கு ரசம் கொண்டுவந்தாள், படி ஏறி.’
‘சம்பளம் வராத மாதம், கேட்காமலே இரண்டாயிரம்.’
எல்லாம் அழகான கையெழுத்து.
ஒன்றுகூட அவளுக்குப் போய்ச் சேரவில்லை.
அவளுடையது இருபத்து நாலு மணி நேரத்தில் அழிந்துவிடும்,
என்னுடையது அப்படியே இருக்கும் என்று
பெருமை வேறு பட்டிருக்கிறேன்.

இன்னமும் நான் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை.
அந்த ரோஸ் கலர் என்னால் முடியாது.
டப்பாவும் பீரோ மேலேயே இருக்கிறது,
அவளிடம் காட்டவில்லை, வெட்கமாயிருக்கிறது.
ஆனால் ஐந்தே முக்காலுக்கு
கை தானாகப் போனைத் தேடுகிறது.

இன்று ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் போட்டாள்.
ஒன்று: மழை விட்டது.
இரண்டு: எடை கூடவில்லை.
மூன்று: இட்லி கல். பரவாயில்லை, பல் இருக்கிறது.