கலெக்டருக்கு வயிறு சரியில்லை

ஆட்டோ வேலைக் கூலி ஒன்பதாயிரம் பாக்கி.
கொடுக்க வழியில்லாத அபுதாகிர்
ஒருநாள் காலையில்
வண்ணார்பேட்டை ஒர்க்ஷாப் ஷட்டரில்
இந்தக் குதிரையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.
ஊர்வலத்தில் நிமிர்ந்து நடப்பான் என்று
மேலப்பாளையம் வைத்த பெயர் கலெக்டர்.

முதல் மாதம் முழுக்க எனக்கு ஒரே குறை:
இந்த வண்டிக்கு டேஷ்போர்டு இல்லை.
சூடேறினால் முள் ஏறாது.
ஆயில் வற்றினால் சிவப்பு எரியாது.
பின்னங்கால் ஒன்றை மடக்கி நின்றதைப் பார்த்து
நொண்டி என்று பயந்து ஓடினேன்.
அது சும்மா நிற்பது.
முன்னங்காலை முன்னால் நீட்டி நின்றால்தான்
குளம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம்,
சைலன்ஸரைத் தொடுவதுபோல, புறங்கையால்.

நேற்று பெருமாள்புரத்தில் ஒரு கல்யாணம்.
மாப்பிள்ளை இறங்கியதும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு
கேசரி ஊட்டினார்கள்,
பிறகு சோறு, பிறகும் சோறு.
நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்றிரவு புல்லைத் தொடவில்லை.
யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல
திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்க்கிறான்.
மேலுதட்டைச் சுருட்டுகிறான்.
'அண்ணாச்சி, சிரிக்கான்' என்றான் ஹெல்பர் இசக்கிதுரை.
சிரிப்பில்லை.
முன்காலால் சிமெண்டைத் தோண்டுகிறான்.
காதடி குளிர்ந்து கிடக்க
கழுத்தில் மட்டும் வேர்வை.
வெளியே ஐப்பசி மழை.

டாக்டர் திருமலைவடிவு அப்போது
அம்பாசமுத்திரத்தில், ஈன முடியாத ஒரு பசுவோடு.
போனில் கேட்டார்: 'ஈறு என்ன நிறம்?'
டார்ச் அடித்தேன். வெளிறிய செங்கல்.
'அமுக்கி விடுங்க. எத்தனை எண்ணுததுக்குள்ள நிறம் திரும்புது?'
ஒன்று, இரண்டு,
மூன்று.
அந்த மூன்று எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும்.
'தாடைக்கு அடியில நாடி?'
விரலுக்குக் கீழே கயிறாய் உருண்டது.
நிமிஷத்துக்கு ஐம்பத்தாறு.
'வயித்துல காது வைங்க.'

இருபது வருஷம் என்ஜினுக்குக் காது கொடுத்தவன் நான்.
டேப்பட்டா பேரிங்கா
கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.
எங்கள் தொழிலில் சத்தம்தான் கோளாறு.
இடது விலாவில் வைத்தேன். வலது விலாவில்.
பூட்டிய கடைக்குள் இருப்பதுபோல்
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததுதான் கோளாறு என்று
யார் எனக்குச் சொன்னார்கள் இதுவரை?

'புல்லை எடுத்திருங்க. உருள விடாதீங்க.
மெதுவா நடத்துங்க. வந்துருதேன்.'

நடத்தினேன்.
வண்ணார்பேட்டையிலிருந்து கொக்கிரகுளம்,
கொக்கிரகுளத்திலிருந்து வண்ணார்பேட்டை.
இரண்டு முறை படுக்கப் பார்த்தான்.
'எந்திரில, கலெக்டரே!' என்று போட்ட சத்தத்தில்
ரோந்து ஜீப் ஒன்று நின்று யோசித்துவிட்டுப் போனது.
ஆறு பாலத்துக்கடியில் நிறைந்து ஓடுகிறது;
இவனுக்குள் ஓடவேண்டியது ஓடவில்லை.

விடியும்போது
கலெக்டர் ஆபீஸ் சுவரோரம் நின்றான்.
திங்கட்கிழமை. மனு கொடுக்க
முதல் பஸ்ஸில் வந்த இரண்டுபேர்
பிளாஸ்டிக் பையைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.
வாலைத் தூக்கினான்.
காய்ந்து கறுத்த நாலு உருண்டை,
மேலே சளிபோல ஒரு படலம்.
அப்புறம் கொஞ்சம் ஈரமாய், ஆவி பறக்க.

குனிந்து கையில் எடுத்து உடைத்துப் பார்த்தேன்.
'என்ன வே,' என்றார் மனுக்காரர் ஒருவர்,
'விட்டை போட்டதுக்கா அழுதீரு?'

காதை வைத்தேன்.
ரொம்ப தூரத்தில், தெருக்குழாயில்
தண்ணீர் வருமுன் வரும் காற்றுபோல
ஒரு குடுகுடுப்பு. நின்றது. இன்னொன்று.
பாலத்தில் ஜீப் விளக்கு திரும்புகிறது.
தாடைக்கடியில் விரல் வைத்து
எண்ணிக்கொண்டிருந்தேன்:
ஐம்பத்திரண்டு.